வயலினும் வேண்டும், ஓவியமும் வேண்டும் என்கிற மகளைப் பற்றி

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் பள்ளி இறுதியாண்டில் இருக்கிறாள், வயலின் வாசிக்கிறாள், நோட்டு முழுக்க வரைகிறாள், கச்சேரிக்குப் போனால் வாசிப்பவர்களைப் படம் எடுத்துக்கொண்டே இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். 'ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் ஆகிவிடக் கூடாது, இரண்டில் ஒன்றை விடச் சொல்லுங்கள்' என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

விடச் சொல்ல மாட்டேன். அதற்காக 'இரண்டையும் செய்யட்டும்' என்று வாழ்த்தி அனுப்பிவிடவும் மாட்டேன். எதற்குப் பட்டப்படிப்பு, எதற்கு அன்றாட நேரம் என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் நிற்கும். பிரிக்காமல் விட்டால் நீங்கள் பயப்படுவதுதான் நடக்கும்.

எஸ். ராஜத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி என்றதும் நம்மில் பலருடைய மனதில் வரும் முகங்கள் அவர் வரைந்தவை. அவர் பெரிய பாடகரும்கூட. ஓவியத்தைச் சென்னை ஓவியக் கல்லூரியில் முறையாகப் படித்தார். சங்கீதத்தை அம்பி தீட்சிதர், பாபநாசம் சிவன் போன்றவர்களிடம் நேரே உட்கார்ந்து கற்றார். வேலை பார்த்தது வானொலியில். கல்லூரி ஒன்றுக்கு, குரு இன்னொன்றுக்கு, சம்பளம் மூன்றாவது இடத்திலிருந்து. உங்கள் மகளுக்கு நான் சொல்லப்போவதும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான்.

காரணம், இந்தக் கலைகள் கேட்கும் நேரம் ஒரே மாதிரியானது இல்லை. வயலினை ஒரு வாரம் தொடாவிட்டால் விரல் சுருதியைத் தேட ஆரம்பித்துவிடும். அது உடம்புக்குள் இருக்கும் வித்தை, தினமும் கேட்கும், இளமையிலேயே கேட்கும். வரைவதும் எழுதுவதும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். ஆயிரக்கணக்கில் பாட்டுக்கு மெட்டமைத்த தாகூர் தீவிரமாக ஓவியத்தில் இறங்கியபோது அறுபதைத் தாண்டியிருந்தார். 1930இல் பாரிஸில் அவருடைய கண்காட்சியே நடந்தது. அறுபதுக்கு மேல் வயலினை முதன்முதலாகக் கையில் எடுத்து அப்படி மேடை ஏறியவர்களை நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் வரைவதைத் தொழிலாக்கும் வடிவமைப்புக்கு (டிசைன்) வேறொரு தேவை உண்டு. எழுத்துரு, நிறம், அச்சு, மென்பொருள் எல்லாவற்றையும் வீட்டில் தனியாகவே கற்றுக்கொள்ளலாம்தான். செய்த வேலையைப் பத்து பேர் நடுவில் மாட்டி, 'இது ஏன் இங்கே இருக்கிறது' என்று கேள்வி கேட்கும் ஸ்டுடியோ வீட்டில் கிடைக்காது. ஆகவே பட்டப்படிப்பு வடிவமைப்பிலோ காட்சித் தொடர்பியலிலோ (விஷுவல் கம்யூனிகேஷன்) இருக்கட்டும். வயலின் காலை நேரத்தில், இப்போதைய ஆசிரியரிடமே தொடரட்டும். ராக் பாடகர் ஃப்ரெடி மெர்குரி லண்டன் ஈலிங் கலைக் கல்லூரியில் வரைகலை படித்தவர். தன்னுடைய குயீன் இசைக்குழுவின் சின்னத்தை அவரே வரைந்தார். அவருக்குப் படிப்பு எங்கேயும் வீணாகவில்லை.

ஒரு நிலைமையில் மட்டும் இதைத் தலைகீழாக்குவேன். வயலின் ஆசிரியரிடம் நீங்கள் தனியாகப் போய், 'இவள் தொழிலாக வாசிக்கும் தரத்துக்கு வருவாளா' என்று நேராகக் கேளுங்கள். தயங்காமல் 'வருவாள்' என்றால், அல்லது ஆர்கெஸ்ட்ராவில் சேருவதுதான் அவள் கனவென்றால், இசைக் கல்லூரிதான் வழி. அப்போது ஓவியம் மாலை நேரத்துக்குப் போகட்டும். ஆசிரியர் மென்று விழுங்கினால் அதுவும் பதில்தான்.

வேலைக்கு வருவோம். ஆல்பம் அட்டை, கச்சேரி சுவரொட்டி, மேடைப் பின்னணிக் காட்சி, பாடல் வரி வீடியோ, இசை பற்றிய எழுத்து என்று இரண்டும் சேரும் இடங்கள் நிறைய. அங்கே அவளுக்கு உள்ள சாதகம் நிஜமானது. கச்சேரியில் ஃபிளாஷ் போட முடியாது. மங்கிய வெளிச்சத்தில் சரியான நொடிக்குக் காத்திருக்க வேண்டும். பெரிய ராக் கச்சேரிகளில் மேடைக்கு முன்னால் நின்று எடுக்க முதல் மூன்று பாட்டு வரைதான் பெரும்பாலும் விடுவார்கள். வில் எப்போது மேலே போகும், வாசிப்பவர் எப்போது கண்ணை மூடுவார் என்பது இன்னொரு வயலின்காரருக்கு முன்கூட்டியே தெரியும். மற்றவர்கள் நூறு படம் எடுத்துத் தேடுவதை அவள் பத்தில் பிடிப்பாள். அட்டைப்படமும் அப்படித்தான். பழைய எல்பி இசைத்தட்டின் அட்டைக்குப் பன்னிரண்டு அங்குல இடம் இருந்தது. இப்போது 3000 பிக்சல் சதுரமாகச் செய்து அனுப்பினாலும் போன் திரையில் நகத்தளவுதான் தெரிகிறது. அந்த நகத்தளவில் பாட்டின் குணத்தைக் கொண்டுவர, பாட்டை உள்ளே இருந்து கேட்டவரால் முடியும். கனடியப் பாடகி ஜோனி மிட்செல் தன் ஆல்பங்கள் பலவற்றுக்குத் தானே ஓவியம் தீட்டினார். 1994இல் வந்த ஆல்பம் ஒன்றின் அட்டை வடிவமைப்புக்கு கிராமி விருதும் வாங்கினார். (கலைக் கல்லூரியில் ஒரே வருடம் இருந்துவிட்டுக் கிளம்பியவர் அவர். இதை மகளிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.)

பணம் ஆரம்பத்தில் சீராக வராது. வடிவமைப்பு நிறுவனத்தில் சம்பள வேலை முதல் சில வருடங்களுக்கு நல்ல தளம். இசை நண்பர்கள் எல்லோரும் 'ஒரே ஒரு போஸ்டர்தானே' என்று இலவசமாகக் கேட்பார்கள். நன்றாக வரையும் பாட்டுக்காரர்கள் அத்தனை பேரும் சிக்கும் இடம் இது. செய்து கொடுக்கட்டும், ஆனால் எங்கே பயன்படுத்தலாம், பெயர் எப்படிப் போட வேண்டும் என்பதை ஒரு மின்னஞ்சலிலாவது எழுதி வாங்கட்டும். ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாத வரை, படத்தின் உரிமை பெரும்பாலான நாடுகளில் எடுத்தவருக்கே. சம்பளத்துக்கு இருக்கும்போது எடுத்தது என்றாலோ, இந்தியாவில் ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்னது என்றாலோ கணக்கு மாறும்.

நீங்கள் கேட்காத இரண்டு விஷயம். முதலாவது கை. வில் பிடிப்பதும், மௌஸ் பிடிப்பதும், டேப்லெட்டில் வரைவதும் ஒரே வலது கை. இரண்டு வேலைக்கும் தனித்தனியே ஓய்வு கொடுத்தாலும் கைக்கு ஓய்வு கிடைத்திருக்காது. மரத்துப்போவது, விரல் நுனியில் கூச்சம் என்று வந்தால் 'பயிற்சி செய்தால் சரியாகிவிடும்' என்று விடாமல் மருத்துவரிடம் போங்கள்.

இரண்டாவது, தப்பித்தல். வயலினில் கடினமான பகுதி வரும்போது வரையப் போவதும், ஓவியம் சரியாக வராதபோது வயலினை எடுப்பதும் இரட்டைத் திறமைக்காரர்களிடம் நான் அதிகம் பார்க்கும் நோய். வெளியே பார்த்தால் சுறுசுறுப்பாகவே தெரியும். கடந்த ஒரு வருடத்தில் ஒவ்வொன்றிலும் முடித்தது என்ன என்று அவளையே பட்டியல் போடச் சொல்லுங்கள். தொடங்கியதை எண்ண வேண்டாம். ஒரு பக்கம் காலியாக இருந்தால், அதைப் பொழுதுபோக்கு என்று ஒப்புக்கொண்டு நிம்மதியாகச் செய்யலாம். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

லேப்டாப்பா கேமராவா, முதலில் எது வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். லேப்டாப்தான், ஆனால் இடம் கிடைத்த பிறகு; எந்த மென்பொருள், எவ்வளவு நினைவகம் என்று கல்லூரியே சொல்லிவிடும். கேமராவை ஒரு கச்சேரிக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கட்டும். எடுத்ததில் பன்னிரண்டு படத்தை வைத்துக்கொண்டு மீதியை ஒதுக்கச் சொல்லுங்கள். கல்லூரிகள் கேட்கும் படைப்புத் தொகுப்புக்கும் இந்தக் கழித்துக்கட்டும் பழக்கம்தான் வேண்டும். அந்தப் பன்னிரண்டையும், வெட்டி ஒட்டாமல் ஒரே மூச்சில் வாசித்த ஒரு ஒலிப்பதிவையும் எடுத்துக்கொண்டு நேரில் வாருங்கள். அவளையும் அழைத்து வாருங்கள். இதுவரை நான் கேட்டது எல்லாம் உங்கள் குரல்தான்.