வெட்டுப்புள்ளியும் அடகுச்சீட்டும்

கேள்வி: மகள் உயிரியல் பிரிவில் இரண்டாம் முறை உயர்தரப் பரீட்சை எழுதி, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி 1.41 எடுத்திருக்கிறாள். மருத்துவத்துக்குக் காணாது. ரியூசனுக்காக 6 இலட்சத்துக்கு நகை அடகில் கிடக்கிறது. வருட வட்டி 15 வீதம். கொழும்பில் ஒரு தனியார் வளாகம் 40 வீதத் திறமைப் புலமைப்பரிசில் தருகிறதாம். வெள்ளிக்கிழமைக்குள் காசு கட்டும்படி கனடாவில் இருக்கும் சித்தப்பா நெருக்குகிறார். மீதி நகையையும் வைக்கலாமா? இல்லாவிட்டால் மூன்றாம் முறை எழுதி மகாபொல உதவித்தொகையைப் பார்க்கலாமா?
– ஒரு தாய், உவர்மலை, திருகோணமலை

பதில்: வைக்க வேண்டாம். 6 இலட்சத்துக்கு 15 வீதம் என்றால் வருடத்துக்கு 90,000, மாதம் 7,500 ரூபா. 2025 பாதீட்டில் கூட்டப்பட்ட மகாபொலவும் மாதம் 7,500தான். அது கிடைத்தாலும் முழுவதும் அடகு வட்டிக்கே போய்விடும். பெறுபேறு வரும்போதெல்லாம் ஒரு சங்கிலியை வைக்கிறீர்களே, குடும்பத்தைத் தின்பது அந்தப் பழக்கம்தான்.

மூன்றாம் முறைதான் கடைசி வாய்ப்பு. எழுதுவதானால் மூன்று பாடத்துக்கும் வகுப்புப் பிடிக்காதீர்கள். எடுத்த புள்ளி சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை நியம விலகலால் (புள்ளிகள் பரவியிருக்கும் அளவால்) வகுத்தால் வருவதுதான் அந்தப் பாடத்தின் இசட் புள்ளி. ஒரு பாடத்தில் சராசரி 45, நியம விலகல் 15 என்றால் 60 எடுத்தவருக்கு 1.0. சராசரி 64, விலகல் 12 உள்ள பாடத்தில் 70 எடுத்தாலும் 0.5தான். எந்தப் பாடம் கீழே இழுக்கிறதோ, காசை அதற்கு மட்டும் போடுங்கள். போன வருட வெட்டுப்புள்ளியைப் பிடித்துக்கொண்டு நிற்பதிலும் பயனில்லை. அது அந்த வருடம், அந்த மாவட்டத்தில் கடைசியாக எடுபட்ட பிள்ளையின் புள்ளி, அவ்வளவே.

மருத்துவம் இல்லை என்ற கோபத்தில் பல்கலைக்கழக விண்ணப்பத்தையே போடாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். போடுங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் இருக்கிறது, வீட்டிலிருந்தே போய்வரலாம். ஆனால் ஒரு கற்கைநெறிக்குப் பதிந்துவிட்டால் பிறகு மீண்டும் விண்ணப்பிக்க முடியாது. ஆகவே மகள் உண்மையில் படிக்கக்கூடியதை மட்டும் விருப்ப வரிசையில் எழுதட்டும். மகாபொல அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானவர்களுக்குத்தான். இசட் புள்ளியோடு குடும்ப வருமானமும் பார்ப்பார்கள்.

இனி அந்த 40 வீதம். வெள்ளிக்கிழமையோடு காலாவதியாகும் புலமைப்பரிசிலை நான் தள்ளுபடி என்றுதான் சொல்வேன். கட்டணத்தை நீங்கள் எழுதவில்லை. வருடம் 12 இலட்சம் என்று வைப்போம். கழிவு போக 7.2, நாலு வருடத்துக்கு 28.8 இலட்சம். கொழும்பில் அறையும் சாப்பாடும் மாதம் 30,000 என்றாலும் இன்னொரு 14.4 இலட்சம். முதல் வருடம் சராசரித் தரப்புள்ளி (GPA) குறைந்து சலுகை நின்றால் கட்டணம் மட்டுமே 43.2 இலட்சமாகும். சலுகை எத்தனை வருடத்துக்கு, எந்தத் தரப்புள்ளிக்குக் கீழே போனால் நிற்கும், பதிவுக் கட்டணம் திரும்பக் கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மாட்டோம் என்றால் ஒரு சதமும் கட்ட வேண்டாம். தனியார் பட்டம்தான் என்று முடிவானால், குறிப்பிட்ட கற்கைநெறிகளுக்கு அரசு வட்டி கட்டும் மாணவர் கடன் திட்டம் இருக்கிறது; முதலில் அதைப் பாருங்கள்.

சித்தப்பாவுக்கு உதவ மனம் இருந்தால் அடகிலுள்ள அந்த 6 இலட்சத்தை மீட்டுத் தரட்டும். மாதம் 7,500 ரூபா உடனே மிஞ்சும்.