பேக்கேஜ் பில்டு பண்ற வேலையை வாலண்டியர் மெஷின்களுக்குப் பிரிச்சுக் குடுத்தா என்ன?

கேள்வியில கேட்டிருக்குறது இதுதான்: லினக்ஸ் டிஸ்ட்ரோக்காரங்க (லினக்ஸையும் சாஃப்ட்வேரையும் சேத்து ரெடியா தர்றவங்க) எதுக்கு காசு செலவு பண்ணி, சோர்ஸ் கோடை ஓடுற ப்ரோக்ராமா மாத்துற பில்டு வேலைக்குன்னே தனியா ஒரு மெஷின் கூட்டம், அதாவது பில்டு ஃபார்ம், வெச்சு ஓட்டணும், உலகம் பூரா சும்மா கிடக்குற கம்ப்யூட்டர்களுக்கு வேலையைப் பிரிச்சுக் குடுத்து, வர்ற பைனரியை, அதாவது பில்டு ஆன ப்ரோக்ராமை, எல்லாருக்கும் குடுத்தா வேகமாவும் முடியும் செலவும் மிச்சம்தானே?

நான் வேலை பாக்குற இடத்துல கீக்ஸ்ங்கிற டிஸ்ட்ரோதான் ஓடுது, ஜியுஐஎக்ஸ்னு எழுதி கீக்ஸ்னு படிப்பாங்களே அது. அதுக்கு ஆபீஸுக்குள்ளயே ஒரு சின்ன பில்டு செட்டப் இருக்கு, அதை மேய்க்கிறது என் தலையில. அந்த அனுபவத்துல சொல்றேன், பிரிச்சுக் குடுக்கலாம், தாராளமா குடுக்கலாம், ஆனா நீங்க எதிர்பாக்குற லாபம் அதுல வராது, வேற ஒரு லாபம் வரும். கம்பைல் பண்ண சிபியு கிடைக்கிறது பெரிய கஷ்டமே இல்ல. யாரோ பில்டு பண்ணதை நான் எதை வெச்சு நம்புறது, நம்பினாலும் அதை எங்க வெச்சு யார் காசுல எல்லாருக்கும் அனுப்புறது, கஷ்டம் பூரா அங்கதான்.

மொதல்ல வேகம். மெஷினைக் கூட்டினா வேகம் கூடும்கிறது பாதி உண்மை. பேக்கேஜ் எல்லாம் தனித்தனியா நிக்கிறது இல்ல, ஜிலிப்சிங்கிற அடிப்படை லைப்ரரி மேல ஜிசிசி கம்பைலர், அதுக்கு மேல பைத்தான், அதுக்கும் மேல இன்னும் நூறு சமாச்சாரம்னு சங்கிலியா போகும். அடியில ஒண்ணு மாறினா மேல இருக்குற எல்லாம் திரும்ப பில்டு ஆகணும், அதுவும் வரிசைப்படி. கல்யாணத்துக்கு நூறு சமையல்காரர் வந்தாலும் அரிசி வேகுற நேரம் ஆகித்தான் தீரும்.

2024 மார்ச் கடைசியில எக்ஸ்இசட்ங்கிற கம்ப்ரஷன் டூல்ல ஒளிச்சு வெச்ச பேக்டோர் (திருட்டு வழி) வெளிய வந்துச்சே, அப்ப நிக்ஸ்ஓஎஸ்ங்கிற இன்னொரு டிஸ்ட்ரோவோட அன்ஸ்டேபிள் சேனல்ல, அதாவது புது வெர்ஷன் மொதல்ல வர்ற வரிசையில, அந்த 5.6.1 வெர்ஷன் இருந்துச்சு. அந்த பேக்டோர், டெபியன், ஃபெடோரா மாதிரி டிஸ்ட்ரோ பயன்படுத்துற டெப், ஆர்பிஎம் பேக்கேஜ் பில்டான்னு பாத்துட்டுத்தான் உள்ள நுழையும், அதனால நிக்ஸ்ல அது வேலை செஞ்சிருக்காது. ஆனாலும் பழைய வெர்ஷனுக்குத் திரும்பித்தானே ஆகணும், எக்ஸ்இசட் அங்க எல்லா பேக்கேஜுக்கும் அடியில இருக்குற பில்டு சூழல்லயே இருக்கு, அதை மாத்தினா மொத்த உலகமும் திரும்ப கம்பைல். மாத்தின சேனல் ஜனங்க கைக்கு வர ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. அங்க இன்னும் ஆயிரம் லேப்டாப் சேந்திருந்தா கொஞ்சம் குறைஞ்சிருக்கும், ரொம்ப இல்ல. இன்னொண்ணு, வாலண்டியர் மெஷின் எப்படி இருக்கும்னு யோசிங்க. குரோமியம் மாதிரி ஒண்ணை லிங்க் பண்றப்ப 8 ஜிபி ரேம் லேப்டாப் மூச்சு முட்டி செத்துரும். சரி சின்ன பேக்கேஜை அனுப்பலாம்னா, கம்பைல் பத்து செகண்டுல முடிஞ்சிரும், அதுக்கு வேண்டிய டிபெண்டன்சியை (அது சாஞ்சு நிக்கிற மத்த பேக்கேஜை) டவுன்லோட் பண்ணி முடிச்சதை அப்லோட் பண்ணத்தான் நேரம் பூரா போகும்.

இப்ப முக்கியமான விஷயம், நம்பிக்கை. வாலண்டியர் கம்ப்யூட்டிங்னு, ஜனங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஆராய்ச்சிக் கணக்கைப் போட வெக்கிற போயிங்க் (பிஓஐஎன்சி) மாதிரி ப்ராஜெக்ட்ல பல வருஷமா நடக்குது, அங்க ஒரே கணக்கை ரெண்டு பேருக்குக் குடுத்து ரெண்டு விடையும் ஒத்துப்போகுதான்னு பாப்பாங்க, ஒருத்தன் ஏமாத்தினா மாட்டிக்குவான். பில்டுலயும் அதையே பண்ணலாம்ல? பண்ணலாம், ஒரே சோர்ஸை ரெண்டு மெஷின்ல பில்டு பண்ணா ஒரு பைட் மாறாம ஒரே மாதிரி வந்தா. வராதுங்கிறதுதான் தொல்லை. கம்பைல் பண்ண தேதியை ஒருத்தன் உள்ள எழுதி வெச்சிருப்பான், டைரக்டரியில இருக்குற ஃபைலை டிஸ்க் குடுத்த வரிசையிலயே ஒருத்தன் எடுத்துக்குவான், ஹோஸ்ட்நேமைப் பதிச்சு வெக்கிற புண்ணியவானும் உண்டு. டெபியன்ல 2013ல இருந்து இதையெல்லாம் ஒவ்வொண்ணா தேடித்தேடி சரி பண்ணிட்டு வராங்க, தேதிக்குன்னே சோர்ஸ் டேட் எப்பாக்னு ஒரு வேரியபிளை எல்லா டூலும் மதிக்கிற அளவுக்குக் கொண்டு வந்தாங்க. அந்த வேலை நடந்திருக்கலேன்னா நீங்க கேட்ட கேள்விக்கு முடியாதுன்னு ஒரே வார்த்தையில பதில் சொல்லிட்டுப் போயிருப்பேன்.

இதுல ஒரு வேடிக்கை, டெபியன் ஒரு காலத்துல கிட்டத்தட்ட நீங்க சொல்ற மாதிரித்தான் இருந்துச்சு, டெவலப்பர் அவங்கவங்க மெஷின்ல பில்டு பண்ணி அந்த பைனரியையே அப்லோட் பண்ணுவாங்க. அதுல இருந்து அவங்க எதிர்த்திசையில போனாங்க, 2019ல புல்ஸ்ஐங்கிற வெர்ஷனோட ரிலீஸ் வேலை ஆரம்பிச்சப்ப, டெபியனோட சொந்த பில்டு மெஷின்ல பில்டு ஆனது மட்டும்தான் டெஸ்டிங்குக்கு, அதாவது அடுத்த ரிலீஸ் உருவாகுற இடத்துக்கு, போகும்னு சொல்லிட்டாங்க. யார் லேப்டாப்ல என்ன கிடந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? அதுக்காக ஒரே இடத்துல குவிச்சா பயம் இல்லையான்னா அதுவும் இருக்கு. 2020 டிசம்பர்ல சோலார்விண்ட்ஸ்ங்கிற சாஃப்ட்வேர் கம்பெனி விஷயம் வெளிய வந்துச்சு, அங்க பில்டு மெஷினுக்குள்ளயே பூந்து கம்பைல் ஆகுற நேரத்துல மட்டும் சோர்ஸ் ஃபைலை மாத்தி வெச்சுட்டாங்க, கம்பெனி கையெழுத்தோடயே சுமார் 18,000 கஸ்டமருக்கு அந்த அப்டேட் போச்சு. ஒப்பிட்டுப் பாக்க தனியா இன்னொரு பில்டு கிடையாது.

அதனால பிரிக்கிறதுன்னா வேலையைத் துண்டு துண்டா ஆயிரம் பேருக்குக் குடுக்குறது இல்ல, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத ரெண்டு மூணு இடத்துல அதே பேக்கேஜை திரும்பத் திரும்ப பில்டு பண்றதுதான் உருப்படியான பிரிப்புங்கிறது என் கட்சி. சிபியு கணக்குல பாத்தா வீண் செலவு. அந்த வீண் செலவுக்குத்தான் மதிப்பு. கீக்ஸ் இதைத்தான் பண்ணுது, பெர்லின்ல மேக்ஸ் டெல்ப்ரூக் ஆராய்ச்சி மையத்துல ஒரு ஃபார்ம் ஓடுது, 2021ல இருந்து போர்தோன்னு இன்னொரு செர்வரும் டீஃபால்ட்டா வருது, ரெண்டுலயும் ஓடுற பில்டு சாஃப்ட்வேரே வேற வேற. அந்த ரெண்டாவது செர்வர்ல வேலையைப் பிரிச்சுக் குடுக்குற கோஆர்டினேட்டரால ஒரே வேலையை வேணும்னே ரெண்டு மெஷினுக்குக் குடுத்து ஒப்பிட்டுப் பாக்கவும் முடியும்.

நாமளே வீட்டுல இருந்தும் பாக்கலாம். கீக்ஸ் சேலஞ்ச்னு ஒரு கமாண்ட், பேக்கேஜ் பேரைக் குடுத்தா நம்ம மெஷின்ல பில்டு ஆனதோட ஹாஷையும் (ஒரு பைட் மாறினாலும் மாறிடுற, கைரேகை மாதிரியான சின்ன எழுத்து வரிசை) ஒவ்வொரு செர்வர் சொல்ற ஹாஷையும் வரிசையா காட்டும், கடைசியில எத்தனை ஒத்துப்போச்சு, எத்தனை வேற, எத்தனை முடிவு சொல்ல முடியலன்னு ஒரு கணக்கு. அந்த மூணாவது கணக்கைத்தான் கவனிக்கணும், ஒப்பிட இன்னொரு பில்டு கிடைக்கலன்னு அர்த்தம். வேறன்னு வந்தா உடனே ஹேக் ஆயிருச்சுன்னு குதிக்க வேணாம், வித்தியாசத்தைக் காட்டுற டிஃபோஸ்கோப்ங்கிற டூலைப் போட்டு ரெண்டையும் பிரிச்சுப் பாத்தா நான் பாத்த வரைக்கும் பெரும்பாலும் ஜிஜிப்ல சுருக்கின ஏதோ ஒரு ஃபைலோட ஹெட்டர்ல தேதி மட்டும் மாறியிருக்கும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு ஏற்பாடு சொல்றேன். செர்வர் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஹாஷ் எழுதி கையெழுத்து போட்ட ஒரு சின்ன டெக்ஸ்ட் வெச்சிருக்கும், உண்மையான பெரிய ஃபைல் தனி. நான் எந்த செர்வரோட கையெழுத்து கீயை ஏத்துக்கிட்டேனோ அது சொல்ற ஹாஷும், எனக்கு யாருன்னே தெரியாத பக்கத்து சீட்டு மெஷின் சொல்ற ஹாஷும் ஒண்ணா இருந்தா, கீக்ஸ் பெரிய ஃபைலை அந்தப் பக்கத்து மெஷின்ல இருந்தே இழுத்துக்கும். நம்பிக்கை ஒருத்தர்கிட்ட, பேண்ட்வித் இன்னொருத்தர்கிட்ட. ஜெர்மனில இருந்து நெட்டுல சொட்டு சொட்டா இறங்குறது ஆபீஸ் லேன்ல சட்டுன்னு வந்துரும். நீங்க ஆசைப்பட்ட பகிர்வு நிஜமா பலன் குடுக்குற இடம் இதுதான், இதுவும் பைட் மாறாம பில்டு ஆகுற பேக்கேஜுக்கு மட்டும்தான் கிடைக்கும்.

எக்ஸ்இசட் மாதிரி விஷயத்துக்கு இது எதுவும் மருந்து இல்லங்கிறதையும் சொல்லிடணும். அங்க விஷம் ரிலீஸ் டார்பால்லயே (சோர்ஸ் கோடை மூட்டை கட்டி வெளியிடுற ஃபைல்) இருந்துச்சு, பத்து இடத்துல பில்டு பண்ணாலும் பத்துலயும் அதே விஷம் அதே ஹாஷோட அழகா ஒத்துப்போகும்.

சேமிப்பு பத்தி யாரும் யோசிக்கிறதே இல்ல. பில்டு பண்றது ஒரு தடவை, வெச்சுக் காப்பாத்துறது வருஷக்கணக்குல. நிக்ஸ்ஓஎஸ்ஸோட கேஷ், அதாவது பில்டு ஆனதை சேத்து வெக்கிற இடம், நூத்துக்கணக்கான டெராபைட், பழசை அழிக்காமலே சேத்துட்டு வந்தாங்க, 2023ல அதுவரைக்கும் பில் கட்டிட்டிருந்த ஸ்பான்சர் நிறுத்தப் போறாங்கன்னு தெரிஞ்சதும் மாசம் சுமார் 9,000 யூரோவுக்கு எங்க போறதுன்னு அலைய வேண்டியதாச்சு. வாலண்டியர் சிபியு குடுப்பான், ராத்திரி மெஷினை ஆஃப் பண்ணிட்டும் போயிருவான், அவன் டிஸ்கை நம்பி எப்படி கேஷ் நடத்துறது?

மெஷின் கலவையா இருந்தா இன்னொரு வம்பு. சில பேக்கேஜோட பில்டு ஸ்கிரிப்ட் அந்த மெஷின் சிபியுவை மோப்பம் பிடிச்சு அதுக்கு ஏத்த மாதிரி கம்பைல் பண்ணிக்கும், புது மெஷின்ல பில்டு ஆகி பழைய மெஷினுக்குப் போனா இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்னு செத்துரும். அட்லஸ்னு ஒரு கணித லைப்ரரி, அதோட வேலையே மெஷினை அளந்து தன்னை டியூன் பண்ணிக்கிறதுதான், கீக்ஸ்ல அதை ரெடிமேடா குடுக்குறதே இல்ல, நீயே பில்டு பண்ணிக்கோன்னு விட்டுட்டாங்க.

நீங்க ஒரு சின்ன டீம்னு கேள்வியில போட்டிருக்கீங்க. உங்க கையில இருக்குற நல்ல மெஷின் ஒண்ணுல எல்லாத்தையும் பில்டு பண்ணுங்க, கையெழுத்து கீயை அதுல வெக்காம தனி மெஷின்ல வெச்சுக்கோங்க. வாலண்டியர் வந்தா வேண்டாம்னு சொல்லாதீங்க, ஆனா அவங்க பைனரியை வாங்காதீங்க, ஹாஷை மட்டும் வாங்குங்க. அது சில எழுத்துதான், எவ்வளவு மோசமான நெட்டுலயும் வந்துரும், மாறுற பேக்கேஜை மட்டும் ஆள் வெச்சுப் பாத்தா போதும். ஆர்ம் சிபியு மாதிரி உங்ககிட்ட இல்லாத ஆர்க்கிடெக்சருக்கு மட்டும் வேற வழி இல்லாம வெளி மெஷினை நம்ப வேண்டி வரும், அங்க ரெண்டு பேர் ஹாஷ் ஒத்துப்போற வரைக்கும் பப்ளிஷ் பண்ணாம வெச்சிருங்க, லேட்டானா ஆகட்டும்.