பாட்டு ஒன்று சொல்கிறது, கதை ஒன்று சொல்கிறது

(வாசகர் கேள்விகளுக்கு, சென்னையில் இறையியல் மாணவர்களுக்கு எபிரேயம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் பதில்கள்)

கேள்வி: அம்மா, பைபிளில் நியாயாதிபதிகள் 4ஆம் அதிகாரத்தில், இஸ்ரவேலரின் எதிரிப் படைத்தலைவன் சிசெரா தூங்கும்போது யாகேல் என்ற பெண் கூடார முளையை அடித்துக் கொல்கிறாள். அடுத்த அதிகாரத்துப் பாட்டில் அவன் அவள் காலடியில் சரிந்து விழுகிறான். தூங்குகிறவன் எப்படி விழுவான்?
– பெரம்பூர் வாசகி

பதில்: ஞாயிறு பள்ளியில் கேட்டிருந்தால் உங்களை உட்காரச் சொல்லியிருப்பார்கள். நான் சொல்லமாட்டேன். இரண்டு அதிகாரமும் ஒரே காலத்தவை அல்ல. 5ஆம் அதிகாரத்தில் இருக்கும் தெபொராள் தீர்க்கதரிசினியின் பாட்டு, எபிரேயத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பாடல்களில் ஒன்று. கி.மு. 12ஆம் நூற்றாண்டு வரை அதைக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. அவ்வளவு பழசில்லை என்கிறவர்களும் உண்டு. 4ஆம் அதிகாரத்து உரைநடை அதற்குப் பிந்தியது என்பதே பெரும்பாலோர் கருத்து.

பாட்டில் யாகேலின் ஒரு கை முளைக்குப் போகிறது, வலக்கை சுத்தியலுக்குப் போகிறது, அவன் மடங்கி விழுந்து கிடக்கிறான். ‘விழுந்தான்’ என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பாட்டு அந்த இடத்தைவிட்டு நகர மறுக்கிறது. கதை எழுதியவருக்கு வேறு கவலை. ஒரு பெண் தனியாக ஒரு படைத்தலைவனை எப்படி வீழ்த்த முடியும்? அதனால் பால் கொடுத்து, போர்த்திப் படுக்கவைத்து, நன்றாகத் தூங்கவிட்டு அப்புறம் அடிக்கவைக்கிறார். நியாயமான கதை. எனக்குப் பாட்டுதான் பிடிக்கும்.

வித்தியாசம் இதோடு முடியவில்லை. கதையில் இஸ்ரவேலரின் படைத்தலைவன் பாராக் கூப்பிடுவது நப்தலி, செபுலோன் என்ற இரண்டு கோத்திரங்களை. பாட்டில் எப்பிராயீம், பென்யமீன், மாகீர், செபுலோன், இசக்கார், நப்தலி என ஆறு பேர் வருகிறார்கள். வராதவர்களுக்கு நல்ல திட்டு விழுகிறது: ரூபன் தொழுவத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறான், தாண் கப்பலை விட்டு இறங்கவில்லை, கீலேயாத்தும் ஆசேரும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டார்கள். கவனியுங்கள், யூதாவைத் திட்டக்கூட இல்லை. சிமியோன், லேவி பெயரும் இல்லை. பன்னிரண்டு கோத்திரம் என்று நாம் மனப்பாடம் செய்த கணக்கு இந்தப் பாட்டில் இல்லை. யூதா தலையெடுத்த பின்னால் வந்த ஒருவர் இதை எழுதியிருந்தால் யூதாவை விட்டிருக்கவே மாட்டார். அதனால்தான் வகுப்பில், பாட்டை முதலில் படியுங்கள், கதையை அப்புறம் படியுங்கள் என்று நச்சரிப்பேன்.

கடைசியில் வரும் தாயையும் விட்டுவிடாதீர்கள். சிசெராவின் அம்மா ஜன்னல் வழியே எட்டிப்பார்த்து, மகனின் ரதம் வர ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கிறாள். கூட இருக்கும் சீமாட்டிகள் ‘கொள்ளையைப் பங்கு போடுகிறார்கள், ஆளுக்கு ஒன்றிரண்டு பெண்கள் கிடைத்திருப்பார்கள்’ என்று தேற்றுகிறார்கள். புறநானூற்று 86ஆம் பாட்டில் காவற்பெண்டு காட்டும் தாயிடமும் ‘உன் மகன் எங்கே’ என்று கேட்கிறார்கள். புலி இருந்துவிட்டுப் போன குகை இந்த வயிறு, அவன் போர்க்களத்தில்தான் இருப்பான் என்று அவள் நிமிர்ந்து சொல்கிறாள். எபிரேயப் பாட்டின் தாய் எதிரியின் தாய். மகன் செத்தது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. ஜெயித்தவர்கள் பாடிய பாட்டு, கேலியாகத்தான் பாடியிருப்பார்கள். ஆனாலும் எனக்கு அந்த ஜன்னலைக் கேலியாகப் படிக்க வருவதில்லை.

கேள்வி: அதே பாட்டில் கர்த்தர் சேயீரிலிருந்தும் ஏதோமிலிருந்தும் புறப்பட்டு வருகிறாரே, எருசலேமிலிருந்து ஏன் இல்லை? பழைய இஸ்ரவேலர் ஒரு பெண் தெய்வத்தையும் வணங்கினார்கள் என்று சொன்னதற்கு எங்கள் சபை மூப்பர் கோபித்துக்கொண்டார்.
– அயனாவரம் வாசகர்

பதில்: அப்போது எருசலேம் இஸ்ரவேலர் கையிலேயே இல்லை. உபாகமம் 33ஆம் அதிகாரத்துப் பாட்டு சீனாய், சேயீர், பாரான் என்கிறது. ஆபகூக் 3 தேமான் என்கிறது. எல்லாம் தெற்கே உள்ள வறண்ட நாடு. பழைய பாட்டுகள் இப்படி ஒரே திசையைக் காட்டுவதால், யாவே (கர்த்தரின் எபிரேயப் பெயர்) வழிபாடு தெற்கிலிருந்து வந்தது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

சீனாய் தீபகற்பத்தின் வடகிழக்கில் குந்திலத் அஜ்ருத் என்ற பாழிடத்தை 1975-76இல் செயேவ் மெஷெல் தோண்டினார். அங்கே கிடைத்த பெரிய ஜாடிகளில் கி.மு. 800ஐ ஒட்டிய எழுத்து. ஒன்றில் சமாரியாவின் யாவேயின் பெயராலும் ‘அவருடைய அசேரா’வின் பெயராலும் வாழ்த்து, இன்னொன்றில் தேமானின் யாவே. பாட்டில் இருந்த தேமான் ஜாடியிலும் இருக்கிறது பாருங்கள்! அசேரா என்றால் தேவியா, அவளைக் குறிக்கும் மரக்கம்பமா என்று இன்னும் வாதாடுகிறார்கள். எதுவானாலும், யாவேயோடு சேர்த்து வாழ்த்தில் வைக்கிற அளவுக்கு அது வேண்டியதாக இருந்திருக்கிறது. மூப்பரிடம் ஜாடியைப் பற்றிப் பேசவேண்டாம். 2 இராஜாக்கள் 23ஐ எடுத்துக்கொடுங்கள். யோசியா ராஜா எருசலேம் ஆலயத்துக்குள்ளிருந்தே அசேராவை வெளியே கொண்டுவந்து எரிக்கிறார். உள்ளே இருந்ததைத்தானே வெளியே கொண்டுவர முடியும்?

கேள்வி: பைபிளின் சங்கீதங்களில் எதுகை, மோனை எதுவும் தெரியவில்லையே. இவற்றைப் பாட்டு என்பது எப்படி?
– வேப்பேரி வாசகர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

பதில்: ஐயா, ஒரு அடி சொன்னதை அடுத்த அடி திருப்பிச் சொல்லும், ஒரு படி மேலே ஏற்றும், அல்லது எதிர்த்துச் சொல்லும். எபிரேயப் பாட்டின் கட்டுமானம் பெரும்பாலும் அதுதான். ராபர்ட் லௌத் ஆக்ஸ்ஃபோர்டில் நடத்திய சொற்பொழிவுகள் 1753இல் லத்தீனில் அச்சாகி இதை ஊரறியச் செய்தன. இது இஸ்ரவேலருக்கு மட்டும் சொந்தமான உத்தி இல்லை என்பது 1929க்குப் பிறகு தெரிந்தது. சிரியக் கடற்கரையில் முந்தின வருஷம் உழவர் ஒருவரின் கலப்பை ஒரு கல்லறையில் இடித்தது. தோண்டப் போனவர்களுக்கு உகாரித் என்ற நகரமும் களிமண் பலகைகளில் பாகால் தெய்வத்தின் பாட்டுகளும் கிடைத்தன. ‘இதோ உன் பகைவர்’ என்று பாகாலை விளித்து அதையே மறுபடி சொல்லி, மூன்றாவது அடியில் முடிக்கும் வரிகள் அதில் உண்டு. சங்கீதம் 92:9இல் அதே நடை, பாகால் இருந்த இடத்தில் கர்த்தர்.

பழைய தமிழ்ப் பதிப்பில் வசனங்களை உரைநடை போல ஓட்டி அச்சிட்டிருப்பதால் அடிகள் கண்ணுக்குத் தெரியாது. பென்சிலால் நடுவில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

கேள்வி: எபிரேயம் தமிழிலிருந்து பிறந்தது என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, உண்மையா?
– தாம்பரம் வாசகர்

பதில்: இல்லை. அது அரபி, அரமேயம், உகாரித் மொழிகளின் குடும்பம். அனுப்பியவரிடம் சண்டை போடாதீர்கள், நேரம் வீண்.

கேள்வி: அறுபது வயதில் எபிரேயம் கற்க முடியுமா?
– புரசைவாக்கம் வாசகி

பதில்: தாராளமாக. 22 எழுத்துகள், வலமிருந்து இடம். உயிரொலியைக் காட்டும் புள்ளிகளும் கோடுகளும் பிற்காலத்தில் சேர்ந்தவை. ஆனால் தொடக்கத்தில் அவை இல்லாமல் படிக்கவே முடியாது, வெட்கப்பட வேண்டாம். மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்னால் அங்கே பேரம் பேசி வாங்கிய இலக்கணப் புத்தகம்தான் இன்றைக்கும் என் மேசையில் இருக்கிறது, அட்டை மட்டும் புதுசு. எதை வாங்கினாலும் பயிற்சிகளை எழுதிப் பாருங்கள். முதலில் ரூத், அப்புறம் யோனா. தெபொராள் பாட்டுக்கு ஒரு வருஷம் கழித்து வாருங்கள், சில வரிகளில் பெரிய பண்டிதர்களே தடுக்கி விழுகிறார்கள். யோபு பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம்.