வெக்டர் அனிமேஷனில் மேடு பள்ளமான தரையை நம்பும்படி காட்டுவது எப்படி?

சின்ஃபிக் ஸ்டூடியோ என்ற அனிமேஷன் மென்பொருளில் வளைவு வளைவாகத் தரை வரைந்து வண்டியும் ஓட்டிவிட்டேன், ஆனாலும் தரை தட்டையாகத் தெரிகிறது, வண்டி மிதக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கும் இதே கதைதான் நடந்தது. ஒரு பாட வீடியோவுக்காக, கண்மாய்க் கரையில் பால்காரர் டிவிஎஸ் 50-ல் வருகிற காட்சி. கரையை மூன்று நாள் இழைத்து இழைத்து வரைந்தேன். போட்டுக் காட்டினால், "என்னங்க, வண்டி எஸ்கலேட்டர்ல போகுது?" என்றார் வேலை கொடுத்தவர். கோபம் வந்தது. திரும்ப ஓட்டிப் பார்த்தேன், மனுஷர் சொன்னது சரி. அதன்பின் கரையில் ஒரு புள்ளியைக்கூட நகர்த்தவில்லை, வண்டியை மட்டும்தான் திருத்தினேன். காட்சி தேறிவிட்டது.

பெரும்பாலும் எல்லோரும் செய்வது இதுதான்: மொத்த வண்டியையும் ஒரே குரூப்பாக்கி, தரைக் கோட்டோடு (மென்பொருளின் பேச்சில் அந்த வளைகோடுதான் ஸ்ப்லைன்) 'லிங்க் டு ஸ்ப்லைன்' கொடுத்துக் கட்டிவிடுவது. வண்டி கோட்டில்தான் போகும். ஆனால் முன் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது பின் சக்கரம் மேட்டில் இருக்க வேண்டாமா? அதனால் இரண்டு சக்கரத்தையும் தனித்தனியாக அதே ஸ்ப்லைனில் கட்டுங்கள். கோட்டின் தொடக்கம் 0, முடிவு 1 என்று வைத்து, சக்கரம் எங்கே நிற்கிறது என்று சொல்வதுதான் 'அமவுண்ட்'. முன் சக்கரத்துக்கு அது 0.30 என்றால் பின் சக்கரத்துக்கு 0.24, இப்படி. 'ஹோமோஜீனியஸ்' டிக் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் புள்ளிக்குப் புள்ளி கணக்குப் போகும். புள்ளிகள் நெருங்கிய இடத்தில் வண்டி ஊரும், விலகிய இடத்தில் பாயும்.

சக்கரத்தின் மையத்தைக் கோட்டில் கட்டினால் பாதிச் சக்கரம் மண்ணுக்குள். சரி, கோட்டை ஆர அளவுக்கு மேலே தூக்கிவிடலாம் என்று நானும் செய்தேன். சமதளத்தில் சரியாக வந்தது, சரிவில் மறுபடி புதைந்தது. நேர்மேலே 30 பிக்சல் தூக்கினாலும், 45 டிகிரி சரிவில் மையத்திலிருந்து தரைக்கு, சரிவுக்குச் செங்குத்தாக அளந்தால், தூரம் சுமார் 21 பிக்சல்தான். சக்கரத்தை ஒரு குரூப்புக்குள் வைத்து, அது தரையைத் தொடும் இடத்தைக் குரூப்பின் ஆரிஜினாக்கி (அதன் ஆதாரப் புள்ளியாக்கி), அதைக் கோட்டில் கட்டுங்கள். குரூப்பின் கோணத்தை 'ஸ்ப்லைன் டேன்ஜென்ட்' (அந்த இடத்தில் கோட்டின் சாய்வு) ஆக மாற்றினால் சக்கரம் சரிவுக்குச் செங்குத்தாக நிற்கும். சக்கரம் சுற்றுவது குரூப்புக்குள்ளே தனியாக நடக்கட்டும். 30 பிக்சல் ஆரமென்றால் ஒரு முழுச் சுற்றுக்கு வண்டி சுமார் 188 பிக்சல் நகர வேண்டும். இது பிசகினால் வழுக்குவது போலிருக்கும். கூர்மையான குழியில் இரண்டு சக்கரமும் கொஞ்சம் நெருங்கிவிடும், அந்த ஃபிரேம்களை மட்டும் கையால் சரிசெய்தாக வேண்டும்.

வண்டியின் உடம்பை எதனோடும் கட்டாதீர்கள். எந்த ஃபிரேமில் எங்கே இருக்க வேண்டும் என்று நான் கையால்தான் குறிப்பேன் (கீ போடுவேன்). சக்கரம் குழியில் விழுந்து இரண்டு மூன்று ஃபிரேம் கழித்து சீட் இறங்கும், அதற்கும் இரண்டு ஃபிரேம் தள்ளிப் பால்காரரின் தலை. பின்னால் தொங்குகிற பால் கேன் கடைசியாக ஆடி, கடைசியாக நிற்கும். அந்தக் கேன் ஆடத் தொடங்கியதும்தான் கரை நிஜமாகவே குண்டும் குழியுமாகத் தெரிந்தது!

வேகமும் ஒரே சீராக இருக்கக் கூடாது. நொடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் ஏற்றத்துக்கு 30 ஃபிரேம் கொடுத்தேன், உச்சியில் நான்கு ஃபிரேம் திணறல், அதே நீள இறக்கத்துக்கு 14. சுமை வண்டி ஏறுகிற திணறலைப் பார்க்கிறவர் உடம்பே உணர்ந்துவிடும்.

நிழல் முட்டை வடிவத்தில் மிதந்தால் இத்தனையும் வீண். நிழலைத் தரையின் குரூப்புக்குள்ளேயே வைத்து, பிளெண்டை (கீழே உள்ளதோடு கலக்கும் விதத்தை) 'ஆன்டு' (Onto) என்று மாற்றுங்கள், தரைக்கு வெளியே வழியாது. சரிவின் கோணத்துக்கு அதையும் சாய்த்துவிடுங்கள். தூரத்து மேடுகளுக்கு நிறத்தை வெளுப்பாக்குவது, மெதுவாக நகர்த்துவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே.

இன்று ராத்திரிக்குள் கொடுத்தாக வேண்டும், இவ்வளவுக்கு நேரமில்லை என்றால் ஒன்று மட்டும் செய்யுங்கள். தரையை இரண்டு லேயராகப் பிரித்து, முன் லேயரில் ஒரு புல்மேட்டை உயர்த்தி, வண்டியை இரண்டுக்கும் நடுவில் விடுங்கள். சக்கரங்கள் மேட்டுக்குப் பின்னே மறைந்து, பால்காரரின் தலை மட்டும் கொஞ்ச தூரம் போய், பிறகு முழு வண்டியும் வெளியே வரட்டும். நடுவில் இருக்கும் பள்ளத்தை நீங்கள் வரையவே வேண்டாம்.