செயின் சா: பல் கூராக இருந்தும் மரம் ஏன் அறுபடவில்லை?

வாசகர் கேள்வி–பதில்

புயல் மாதங்கள் வரப்போகின்றன, மூலையில் கிடக்கும் மரம் அறுக்கும் மெஷினைப் பலரும் இப்போதுதான் வெளியே எடுப்பீர்கள். அதனால் இந்த முறை செயின் சா பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில்.

கஜா புயலில் தென்னைகள் சாய்ந்தபோது வாங்கிய மெஷின். போன மாதம் பட்டறையில் கொடுத்து செயினைச் சாணை பிடித்து வாங்கி வந்தேன். விரல் பட்டால் கிழிக்கிறது, அவ்வளவு கூர். ஆனால் வேப்பங்கட்டையில் வைத்தால் வெறும் தூள்தான் கொட்டுகிறது, ஆள் பலத்தோடு அழுத்தினால்தான் இறங்குகிறது. இன்ஜின் போய்விட்டதா சார்?
– வாசகர், பேராவூரணி

இன்ஜினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, கார்பரேட்டரைக் கழற்றிவிடாதீர்கள். பட்டறையில் பல்லை மட்டும் பார்த்திருக்கிறார்கள், பல்லுக்கு முன்னால் இருக்கும் மேட்டைப் பார்க்கவில்லை.

செயினைக் கையில் எடுத்து ஒரு பல்லை மட்டும் உற்றுப் பாருங்கள். பின்பக்கம் மேல்தகடு வளைந்து கூர்முனையோடு நிற்கும், அதற்கு முன்னால் ஒரு பள்ளம் விட்டு, மழுங்கலாக ஒரு சின்ன மேடு இருக்கும், இரண்டும் ஒரே துண்டு இரும்புதான். அந்த மேட்டுக்குப் பெயர் டெப்த் கேஜ், ரேக்கர் என்றும் சொல்வார்கள். செயின் ஓடும்போது இந்த மேடு மரத்தை உரசிக்கொண்டு முன்னால் போகும், அதைவிடப் பல்லின் முனை எவ்வளவு உயரமாக நிற்கிறதோ அவ்வளவு ஆழம்தான் பல்லால் கடிக்க முடியும். தோட்டத்தில் பயன்படுத்தும் சிறிய, நடுத்தர மெஷின்களின் செயினுக்கு அந்த வித்தியாசம் பொதுவாக 0.65 மில்லிமீட்டர். ஏடிஎம் கார்டின் தடிமனே 0.76 மில்லிமீட்டர் என்றால் இது எவ்வளவு மெல்லிய கணக்கு என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். பல்லின் மேல்தகடு மட்டமாக இருக்காது, முன்னால் உயர்ந்து பின்னால் சரிந்து போகும். ஒவ்வொரு முறை அரம் போடும்போதும் கூர்முனை கொஞ்சம் பின்னுக்குப் போகிறது, பின்னுக்குப் போனால் சரிவில் கீழே இறங்குகிறது. மேடு மட்டும் இருந்த உயரத்திலேயே நிற்கிறது. நாலைந்து முறை இப்படிக் கூராக்கினால் முனையும் மேடும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்துக்கு வந்துவிடும், அப்புறம் பல் எவ்வளவு கூராக இருந்தாலும் மரத்தைத் தொட மட்டும்தான் முடியும், கடிக்க முடியாது. உங்களுக்குத் தூள் வருவது இதனால்தான். சரியாக இருக்கும் செயின் குறுக்கே அறுக்கும்போது கனமான சிறு சீவல்களாகத் துப்பும், மெஷினின் எடையிலேயே இறங்கும்.

செய்ய வேண்டியது இதுதான். டெப்த் கேஜ் அளவுத் தகடு என்று ஒன்று கிடைக்கிறது, உங்கள் செயினின் அளவைச் சொல்லி வாங்குங்கள், விலையும் பெரிதாக இருக்காது. அதைச் செயின் மேல் வைத்தால் அதன் காடி வழியாக மேடு எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்க்கும் அளவைத் தட்டை அரத்தால் தகட்டின் மட்டத்துக்கு அராவி எடுங்கள், ஒரு துளி அதிகம் வேண்டாம். அராவிய பிறகு மேட்டின் முன்மூலை கூராக நிற்கும், அதையும் பழையபடி உருட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் மரத்தில் முட்டி முட்டிப் போகும். எப்போதும் முதலில் பல், பிறகு மேடு, இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இன்னொன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். சாணைக் கல்லில் அழுத்திப் பிடித்திருந்தால் பல்லின் முனை நீலம் பாய்ந்திருக்கும். அப்படியென்றால் சூட்டில் அந்த இரும்பின் பதம் கெட்டுவிட்டது, அரம் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகலாம், கூரும் நிற்காது. நீலம் இருக்கும் பகுதி முழுவதும் போகும்வரை தேய்த்தெடுக்க வேண்டும், பல்லில் அவ்வளவு இடம் இல்லையென்றால் வேறு செயின்தான். கையால் அரம் போடுவதையே நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

எங்கள் பக்கம் மரம் வெட்டும் ஒரு அண்ணன், பல்லுக்கு முன்னால் இருக்கும் மேட்டை நன்றாகத் தேய்த்துவிட்டால் வேகமாக அறுக்கும் என்றார். தேய்த்தேன். இப்போது மெஷின் மரத்தைக் கவ்விக்கொண்டு நிற்கிறது, கையில் தூக்கித் தூக்கிப் போடுகிறது.
– வாசகர், கம்பம்

தயவுசெய்து அந்தச் செயினை இன்றே கழற்றி வையுங்கள். மேடு அளவுக்கு மேல் இறங்கிவிட்டால் பல் ஒரே கடியில் தாங்க முடியாத அளவு மரத்தைக் கவ்வும், இன்ஜின் இழுக்க முடியாமல் திணறும், பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு), கிளட்ச் எல்லாம் தேயும். அதெல்லாம் பணத்தோடு போகும். பாரின் மூக்கு இருக்கிறதே, அதன் மேல் பாதி ஏதாவது கிளையில் பட்டால் மெஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் உங்கள் முகத்தை நோக்கித் தூக்கி அடிக்கும். எந்தச் செயினுக்கும் இந்த ஆபத்து உண்டு, மேட்டைத் தேய்த்த செயினுக்கு மிக அதிகம். வேகமாக அறுக்கிறது என்று யார் சொன்னாலும் கண் மதிப்பில் அந்த மேட்டில் அரம் வைக்காதீர்கள்.

பல் இன்னும் நீளமாக இருந்தால் ஒரு வழி உண்டு. மேட்டைத் தொடாமல் பற்களை மட்டும் அராவிக்கொண்டே வந்தால் முனை இறங்கி வந்து பழைய வித்தியாசம் கிடைக்கும், அளவுத் தகட்டை வைத்துப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். பல்லின் பின்புறம் பல செயின்களில் சாய்வாக ஒரு கோடு பொறித்திருக்கும், அதுதான் எல்லை. அதுவரை போயும் சரியாகவில்லை என்றால் அந்தச் செயினைத் தூக்கிப் போடுங்கள்.

நேராக வைத்து அறுத்தாலும் ஒரு பக்கமாக வளைந்து போகிறது.
– வாசகர், திண்டிவனம்

ஒரு பக்கப் பற்கள் நீளம், மறு பக்கம் குட்டை. அல்லது ஒரு பக்கம் கூர், மறு பக்கம் மொக்கை. எந்தப் பக்கம் நீளமாகவும் கூராகவும் இருக்கிறதோ அந்தப் பக்கம் இழுக்கும். வலது கைக்காரர்களுக்கு ஒரு பக்கம் அரம் நன்றாக விழும், மறு பக்கம் சோர்ந்துபோகும், அதுதான் காரணம். இருப்பதிலேயே குட்டையான பல்லைத் தேடி அதை அளவாக வைத்து மற்ற எல்லாவற்றையும் அந்த நீளத்துக்குக் கொண்டுவாருங்கள், மேடுகளையும் ஒரே அளவுக்கு. அப்படியும் வளைந்தால் பாரின் இரண்டு விளிம்புகளும் சமமாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

எந்த அரம் வாங்குவது? எப்படிப் பிடிப்பது? கடைக்காரர் கொடுத்த அரம் பல்லில் சரியாக உட்காரவே மாட்டேன் என்கிறது.
– வாசகர், பொள்ளாச்சி

செயினின் பிட்ச் தெரியாமல் அரம் வாங்கக் கூடாது. அடுத்தடுத்து மூன்று ரிவெட்டுகளை எடுத்துக்கொண்டு முதலாவதின் நடுவிலிருந்து மூன்றாவதின் நடு வரை அளந்து இரண்டால் வகுத்தால் அதுதான் பிட்ச். எட்டில் மூன்று இன்ச் லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) செயினுக்கு 4 மில்லிமீட்டர் உருண்டை அரம், .325 இன்ச் செயினுக்கு 4.8, பெரிய மெஷினில் வரும் முழு எட்டில் மூன்று இன்ச் செயினுக்குக் கம்பெனியைப் பொறுத்து 5.2 அல்லது 5.5. செயின் வந்த அட்டைப்பெட்டியிலும் எழுதியிருக்கும், அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் இந்தக் கணக்கே தேவையில்லை.

பிடிக்கும் விதம்: பிளக் கேப்பைக் கழற்றிவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு, பாரை வைஸில் இறுக்குங்கள். அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு மேல்தகட்டுக்கு மேலே தெரிய வேண்டும். கோணம் பெரும்பாலான செயின்களுக்கு 30 டிகிரி. பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள், திரும்பி வரும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள், இழுத்தால் அரம்தான் கெடும். ஒரு பக்கத்துப் பற்கள் முழுவதையும் முடித்துவிட்டு மறு பக்கம் திரும்புங்கள். முனையை வெயிலில் திருப்பிப் பார்த்தால் மொக்கைப் பல்லில் மெல்லிய வெள்ளைக் கோடு மின்னும். அந்தக் கோடு மறைந்தால் கூர் வந்துவிட்டது.

இந்தப் பல் ஏன் சாதாரண ரம்பத்தின் பல் மாதிரி இல்லாமல் வளைந்திருக்கிறது?
– வாசகர், காரைக்குடி

முன்பு செயின்களிலும் கைரம்பப் பல் மாதிரிதான் இருந்தது, சுரண்டிச் சுரண்டி அறுக்கும், கூராக்குவதும் பெரிய வேலை. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் காக்ஸ், 1946-இல் ஒரு அடிக்கட்டையில் வண்டின் புழு மரத்தைத் தின்பதைப் பார்த்தார். அதன் தாடைகள் இடமும் வலமுமாக மாறி மாறிச் சீவிக்கொண்டே போயின. அதைப் பார்த்து இரும்பில் செய்ததுதான் இப்போதைய இடப்பல், வலப்பல். 1947-இல் போர்ட்லாண்ட் நகரில் தன் வீட்டு நிலவறையில் அந்தச் செயினைத் தயாரிக்க ஆரம்பித்தார்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை அரம் போட வேண்டும்?
– வாசகர், பட்டுக்கோட்டை

நாள் கணக்கு பார்க்காதீர்கள். சுத்தமான கட்டையில் நெடுநேரம் ஓடும் செயின், மண்ணில் ஒரு நொடி பட்டால் மொக்கையாகிவிடும். விழுந்த தென்னையின் தூர்ப்பகுதியில் வேரும் மணலும் அப்பிக்கிடக்கும், முதலில் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், முடிந்தால் அந்த இடத்தை விட்டு ஒரு முழம் மேலே அறுங்கள். பெட்ரோல் டேங்க் தீர்ந்து நிரப்பும்போதெல்லாம் இன்ஜினைக் கொஞ்சம் ஆறவிட்டு, பல்லுக்கு இரண்டு தள்ளு தள்ளிவிடுங்கள், செயின் ஆயிலையும் அப்போதே நிரப்பிவிடலாம். பல்லுக்கு மூன்று முறை அரம் போட்டதும் டெப்த் கேஜை ஒருமுறை அளவுத் தகடு வைத்துப் பார்த்தால் போதும்.