நாயின் சிகிச்சைக்குப் பணம் போதவில்லை. மற்றவர்களிடம் உதவி கேட்கக் கூச்சமாக இருக்கிறது. எப்படிக் கேட்பது?

தாராளமாகக் கேளுங்கள். ஆனால் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் செய்தி அனுப்புவதற்கு முன்னால் நீங்கள் கேட்க வேண்டிய ஆள் ஒருவர் இருக்கிறார். அவர் உங்கள் கால்நடை மருத்துவர்.

பெரும்பாலோர் அவரிடம்தான் வாயைத் திறப்பதில்லை. பணமில்லை என்றால் நாய்மேல் பாசமில்லாதவன் என்று நினைத்துவிடுவாரோ என்று பயம். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வெளியே வந்து கலங்குகிறார்கள். "என்னால் இவ்வளவுதான் புரட்ட முடியும், இதற்குள் என்ன செய்யலாம்?" என்று நேராகக் கேளுங்கள். எங்கள் நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வந்து ஈறு வெளுத்துக் கிடந்தபோது நான் அப்படித்தான் கேட்டேன். மருத்துவர் மதிப்பீட்டுச் சீட்டைத் திருப்பி வாங்கினார். இரண்டு வரிகளின் ஓரத்தில் பேனாவால் 'பிறகு' என்று எழுதினார். ரத்தத் தட்டணு எண்ணிக்கையும் டாக்சிசைக்ளின் மாத்திரையும் அன்றைக்கே வேண்டும். ஸ்கேன் பொறுக்கலாம் என்றார். எந்தப் பரிசோதனையின் முடிவு சிகிச்சையை மாற்றும், எது தெரிந்துகொள்வதற்கு மட்டும் என்று பிரித்துச் சொல்ல அவரால்தான் முடியும்.

பார்வோ எனும், வாந்தியும் கழிச்சலுமாகப் படுத்தும் வைரஸ் நோய் வந்த குட்டியை உள்நோயாளியாகச் சேர்த்து நரம்பு வழியாகத் திரவம் ஏற்றுவதே சிறந்தது. அதற்கு வசதியில்லாதவர்களை மனத்தில் வைத்து அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒரு மாற்று முறையைச் சோதித்தார்கள். முதலில் நரம்பு வழியாகத் திரவம் கொடுத்து நிலைப்படுத்துவது. பிறகு தோலுக்கடியில் திரவம், வாந்தியை அடக்கும் ஊசி, பல நாள் வேலை செய்யும் ஆன்டிபயாட்டிக் ஊசி. 2017இல் வெளியான ஆய்வு அது. உள்நோயாளி முறையில் 90 சதவீதமும் இந்த முறையில் 80 சதவீதமும் பிழைத்தன. 40 நாய்களை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான்; கவனிப்பும் நெருக்கமாக இருந்தது. ஆனாலும் 'முழுச் சிகிச்சை, இல்லையென்றால் ஒன்றுமில்லை' என்ற நினைப்பை அது அசைத்துவிட்டது. கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளில் பல இடங்களில் கட்டணம் குறைவு, அங்கேயும் விசாரித்துவிடுங்கள்.

பேரம் பேச நேரமில்லாத நிலைகளும் உண்டு. பெரிய நாய்க்கு வயிறு திடீரென்று உப்பி, ஓங்கரித்தும் ஒன்றும் வெளியே வராமல் தவிக்கிறதா, ஆண் நாய் முக்கி முக்கியும் சிறுநீர் வரவில்லையா, உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தவணை பற்றி அங்கே போய்ப் பேசிக்கொள்ளலாம். செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று வீட்டிலிருக்கும் ஐபுப்ரோஃபென் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். அது நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்; பில் இரண்டு மடங்காகும்.

இனி, மற்றவர்களிடம் கேட்பது. இப்படிப்பட்ட வேண்டுகோள்கள் எனக்கு அடிக்கடி வருகின்றன. சிலவற்றுக்குக் கொடுக்கிறேன், பலவற்றைக் கடந்துபோகிறேன். ரத்தமும் சீழுமான படங்களை அடுக்கியிருந்தால் பார்க்க முடியாமல் மூடிவிடுகிறேன். 'நீங்கள் இன்று உதவாவிட்டால் இவன் சாவான்' என்று பழியை என் தலையில் கட்டினால் எரிச்சல்தான் வருகிறது. 'உங்களால் முடிந்தது' என்று மொட்டையாக எழுதினால் எவ்வளவு தேவை, எவ்வளவு சேர்ந்தது என்று ஒன்றும் விளங்காது. நான் கை நீட்டிக் கொடுத்த வேண்டுகோள் ஏறக்குறைய இப்படி இருந்தது: "என் நாய்க்குக் கருப்பையில் சீழ் கட்டியிருக்கிறது, நாளை அறுவை சிகிச்சை. மருத்துவமனை கொடுத்த மதிப்பீடு இதோ. பாதியை நான் கட்டிவிட்டேன். மீதியை மருத்துவமனைக் கணக்கிலேயே நேராகச் செலுத்தலாம்." அழுகை ஒரு வரிகூட இல்லை. சந்தேகப்படவும் இடமில்லை.

முதலில் நெருங்கியவர்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள். நூறு பேருக்குப் பொதுவாக அனுப்பிய செய்தியை ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள். பணமில்லாதவரிடமும் கேட்க வேண்டியவை இருக்கின்றன. வண்டியில் கொண்டுபோய்விடுவது, இரவில் ஒருவர் மாற்றி ஒருவர் விழித்திருப்பது, ரத்தம் கொடுக்க ஒரு நாய். ஆம், நாய்க்கும் ரத்தம் ஏற்றுவார்கள். பொதுவாக 25 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆரோக்கியமான நாயாகப் பார்ப்பார்கள்.

வேண்டுகோளை எழுதுவதற்கு முன் மருத்துவரிடம் இன்னொன்றும் கேட்டுவிடுங்கள்: இது ஒருமுறைச் செலவா, தொடர் செலவா? பையோமெட்ரா எனும் கருப்பைச் சீழ் அறுவையோடு பெரும்பாலும் முடிந்துவிடும். நாள்பட்ட சிறுநீரக நோய் அப்படியல்ல. உணவு, மருந்து, ரத்தப் பரிசோதனை என்று கடைசிவரை நீளும். ஊர் ஒருமுறை கொடுக்கும், மாதாமாதம் கொடுக்காது. பிழைக்க வழியில்லை, வலி மட்டும் மிச்சம் என்று மருத்துவர் சொன்னால், கருணைக்கொலைக்குச் சம்மதிப்பவர் பணத்துக்காக நாயைக் கைவிட்டவர் ஆகிவிட மாட்டார். யாராவது அப்படிச் சொன்னால் பில்லில் பாதியை ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள், பேச்சு நின்றுவிடும்.

தொகை சேர்ந்ததும் கேட்ட இடத்திலேயே 'போதும்' என்று எழுதி, ரசீதையும் போடுங்கள். நாய் இறந்துபோனாலும் சொல்லிவிடுங்கள். மிச்சமிருந்தால் கொடுத்தவர்களிடம் கேட்டு, அதே மருத்துவமனையில் பாக்கி வைத்திருக்கும் இன்னொரு நாயின் கணக்கில் கட்டிவிடலாம்.