பெரிய பம்பு வாங்குவதற்கு முன்

கேள்வி: தேங்காய்ப்பட்டணத்தில் ஆழ்கடல் தூண்டில் விசைப்படகு வைத்திருக்கிறேன். ஹைட்ராலிக் ஸ்டியரிங்குடன் ஆட்டோ பைலட் பொருத்தினோம். படகு நேராகப் போகாமல் நெளிந்து நெளிந்து போகிறது. சிலிண்டரின் உள்விட்டம் 5 செ.மீ., இருபுறமும் நீளும் தண்டின் விட்டம் 2 செ.மீ., தண்டு நகரும் தூரம் 23 செ.மீ. ஆட்டோ பைலட் பம்பு நிமிடத்துக்கு 2 லிட்டர் எண்ணெய் தள்ளும். 4 லிட்டர் பம்பு போடச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். தண்டின் பரப்பைக் கழித்துப் பார்த்தால் உங்கள் சிலிண்டர் கொள்வது சுமார் 380 மி.லி. எண்ணெய். இப்போதுள்ள பம்பு சுக்கானை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 11, 12 விநாடியில் கொண்டுபோய்விடும். இது போதுமான வேகம்தான். 4 லிட்டர் பம்பு ஆறு விநாடிக்குள் தள்ளும். சுக்கான் வேண்டிய கோணத்தைத் தாண்டிப் போய்த் திரும்பும், மறுபடி தாண்டும். நெளிவு கூடுமே தவிரக் குறையாது. கடைக்காரருக்கு மட்டும் லாபம்.

என் சந்தேகம் குழாய்க்குள் இருக்கும் காற்றின் மேல். புதிதாகக் குழாய் இணைத்த படகுகளில் இதுதான் வழக்கமான கோளாறு. எண்ணெய் அழுத்தத்துக்குச் சுருங்காது, காற்று சுருங்கும். பம்பின் முதல் தள்ளல் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விட, சுக்கான் தாமதித்து அசைகிறது. அதற்குள் ஆட்டோ பைலட் இன்னும் திருப்பு என்கிறது.

ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருப்பி, மேலும் அழுத்திப் பாருங்கள். கல்லில் முட்டியதுபோல் நிற்க வேண்டும். மெத்தென்று அமுங்கி, கையை எடுத்ததும் பின்வாங்கினால் காற்று உறுதி. சிலிண்டரின் ஒரு முனைக்கு எண்ணெய் போகும்படி மெதுவாகச் சுற்றி, அந்த முனையில் காற்றை வெளியேற்றும் திருகைத் தளர்த்துங்கள். நுரையில்லாத எண்ணெய் வரும்வரை விட்டு மூடுங்கள். மறுமுனையிலும் அப்படியே. இடையில் ஸ்டியரிங் சக்கரத்தோடு சேர்ந்த எண்ணெய்த் தொட்டி வற்றினால் மறுபடி முதலிலிருந்துதான். ஆட்டோ பைலட் பம்புக்குள்ளும் காற்று தங்கும். அதன் பொத்தான்களால் சுக்கானை இருபுறமும் ஓட்டியபடி இதையே இன்னொரு முறை செய்யுங்கள். பம்பிலிருந்து தொட்டிக்குப் போகும் மூன்றாவது குழாய் ஏறுமுகமாகவே போகட்டும். நடுவில் மேடு இருந்தால் காற்று அங்கே குடியேறும்.

ஆட்டோ பைலட் ஓடும்போது ஸ்டியரிங் சக்கரம் தானாகச் சுழல்கிறதா என்றும் கவனியுங்கள். சுழன்றால், ஸ்டியரிங் பக்கத்துப் பூட்டு வால்வு எண்ணெயைத் தடுக்கவில்லை. சுக்கானுக்குப் போக வேண்டியது சக்கரத்தைச் சுற்றுகிறது. அப்போது மாற்ற வேண்டியது வால்வை.

இரண்டும் சரியென்றால் திசைகாட்டி உணரியைப் பாருங்கள். ஒலிபெருக்கிக்கோ இரும்புச் சாமானுக்கோ பக்கத்தில் இருந்தால் இடம் மாற்றி, மறுபடி அளவு திருத்தம் செய்யுங்கள். திசை விலகினால் சுக்கானை எவ்வளவு திருப்புவது என்று சொல்லும் சுக்கான் உணர்திறன் அமைப்பை ஒவ்வொரு படியாகக் குறைப்பது அதற்குப் பிறகு, அமைதியான கடலில். பின்னாலிருந்து அலை தள்ளும்போது எந்தக் கருவியும் கொஞ்சம் நெளியத்தான் செய்யும்.